சங்கமித்ராவின் மூன்று மைதானங்கள்

சங்கமித்ராவின் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினால் ஒரு ஜோடி பூட்ஸும், மூன்று நிறத்தில் மூன்று டீ-ஷர்ட்டும் இருக்கும். காலையில் ஒரு பள்ளிக்கூடம், மத்தியானம் ஐ.டி.காரர்களின் பிள்ளைகள் வரும் அகாடமி, சாயங்காலம் ஒரு கிளப். மூன்றிலும் ஃபுட்பால் கோச். மூன்றிலும் தற்காலிகம்தான். வாடகை வீடு பெங்களூர் ஈஜிபுராவில். சொந்த ஊர் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேட்டுக்குக் கீழே அண்ணன்களோடு ஆடி, மாநில அணி வரை போனவர். முப்பத்தாறு வயதில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மைதானம்.

எங்கள் கல்லூரியில் தலைமை கோச் வேலை காலியானதும் விண்ணப்பித்தார். ஆண்கள் அணி. தேர்வுக் குழுவில் இரண்டு பேர்: உடற்கல்வி இயக்குநர் சேஷகிரி சார், துணை முதல்வர் ஜோசஃபின் மேடம். குறிப்பெடுக்க நூலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேட்டி முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரு ஆட்டம். எங்கள் அணியை அவர் கையில் கொடுத்து, வெளி கிளப் ஒன்றோடு ஆடவிட்டுப் பார்ப்பது.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. மைதானத்தில் அங்கங்கே கொஞ்சம் வானம் தேங்கிக் கிடந்தது.

“மச்சா, மிஸ் அட்டென்டன்ஸ் எடுப்பாங்களாடா?” ஃபார்வர்டு விஜய்குமார் அவர் காதில் விழட்டும் என்றே கேட்டான்.

“எடுப்பேன். நீ முதல்ல லேஸைக் கட்டு. விழுந்து வெச்சா உங்கம்மாவுக்கு நான்தான் போன் பண்ணணும்.”

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், தமிழில். அவர் இத்தனை வருஷம் ஆடிய டீம்களில் பந்தைக் கேட்பதும் திட்டுவதும் தமிழில்தான். யோசித்துப் பேசவில்லை, அதுவாக வந்தது.

“பின்னாடி நடுவுல நிக்கிற ஸ்டாப்பர் ‘ஏறு’ன்னு கத்தினதும் அவனோட சேர்த்து பின்வரிசை நாலு பேரும் ஒண்ணா முன்னாடி வந்துடணும். அவங்க ஃபார்வர்டு நமக்குப் பின்னாடி தனியா நின்னு ஆஃப்சைடுல மாட்டுவான். ஒருத்தன் நின்னாலும் போச்சு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நாலு பேரில் ஒருவனான, மிசோரத்திலிருந்து வந்து படிக்கும் லெஃப்ட் பேக் லால்ரினும் ஆட்டினான்.

முதல் பாதி முடியப்போகிற நேரம். “ஏறு!” மூன்று பேர் ஏறினார்கள். லால்ரின் இருந்த இடத்திலேயே நின்றான். அவனால் எதிரணிக்காரனுக்கு ஆஃப்சைடு இல்லாமல் போயிற்று. கோல்.

“ஏன்டா மரம் மாதிரி நின்னே?” என்று கத்தினான் விஜய்குமார். லால்ரின் குனிந்து, கட்டியிருந்த லேஸையே அவிழ்த்துக் கட்டினான்.

சங்கமித்ரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் நேராக அவனிடம் போய், தமிழ் புரியுமா என்று இந்தியில் கேட்டார். அவன் இல்லையென்று தலையசைத்தான். பிறகு எல்லோரையும் அழைத்தார். இப்போது ஆங்கிலம், தட்டுத்தடுமாறித்தான். அந்த கோல் தன்னுடைய தப்பு, லால்ரினுக்குத் தமிழ் தெரியுமா என்று தான் முதலிலேயே கேட்கவில்லை, அவனை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்றார். நான்கு தண்ணீர் பாட்டில்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி, சேர்த்து முன்னே நகர்த்திக் காட்டினார். இனி ஸ்டாப்பர் கத்த வேண்டாம், கையைத் தூக்கினால் போதும்.

இரண்டாம் பாதியில் கை உயர்ந்தபோதெல்லாம் நான்கு பேரும் ஒரு கதவைப் போல நகர்ந்தார்கள். வேறு கோல் விழவில்லை. நாங்களும் போடவில்லை. விஜய்குமார் அடித்த பந்து ஹாஸ்டல் மொட்டைமாடிக்குப் போனது. தோற்றோம்.

“டீம்ல யாருக்கு என்ன பாஷைன்னு விசாரிக்காமலா ஒரு கோச் பேசறது?” என்றார் சேஷகிரி சார்.

“நாமளும் பக்கத்துலதானே நின்னோம் சார்? நமக்கு மட்டும் தோணிச்சா?” என்றார் ஜோசஃபின் மேடம்.

சார் சங்கமித்ராவைக் கூப்பிட்டார். “ஏம்மா, பசங்க முன்னாடி தப்பை ஒத்துண்டா நாளைக்கு மதிப்பாங்களா?”

“தெரியல சார். ஒத்துக்கலேன்னா அந்த கோலை அவன் தூக்கிக்கிட்டே திரிவான். அவ்ளோ வெயிட்டோட ஓட முடியாது.”

சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார்.

“ஒரு சீசன் பார்க்கலாம். பர்மனென்ட் பேச்செல்லாம் அப்புறம். ஆனா மத்த மூணு இடத்தையும் இப்பவே விட்டுடணும்” என்றார் சார்.

நிச்சயமில்லாத ஒன்றுக்காக, நிச்சயமில்லாத மூன்றை. அவர் ஸ்கூட்டர் நின்ற பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆய்த்து சார்” என்று கன்னடத்தில் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவர் சீட்டைத் தூக்கியபோது நான் பக்கத்தில்தான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். பூட்ஸ் இருந்தது. டீ-ஷர்ட்டுகள் இருந்த இடத்தில் நான்கு காலி பாட்டில்கள்.