‘ஓம்’ என்றால் பறக்கும் தட்டு

என் பழைய துவக்கு பாரம். தோள்மூட்டில் சத்திரசிகிச்சை செய்த பிறகு, அதைத் தூக்கி முகத்துக்குக் கொண்டுவருவதற்குள் பறவை அடுத்த ஊருக்குப் போய்விடும். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் தோளைப் பற்றிக் கேட்பதில்லை. “உங்களுக்கு ஏனக்கா துவக்கு?” என்றுதான் கேட்பார்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம், அதையே கடையில் போய் வாங்குவதா என்பது அதன் அர்த்தம். எனக்கு விளக்கம் சொல்ல விருப்பமில்லை. வேட்டைச் சோதனை எழுதினேன், பாஸ் பண்ணினேன், சுடுகிறேன். என் கடையில் வந்து ஆட்டுத்தொடை எப்போது வரும் என்று கேட்கிறவர்கள், நான் ஒரு பறவையைச் சுட்டால் மட்டும் பாவம் பார்க்கிறார்கள்.

ஜேர்மனியில், நெதர்லாந்து எல்லைப் பக்கம், ரைன் நதியின் சமவெளியில் ஒரு சின்ன நகரத்தில் தமிழ்க்கடை வைத்திருக்கிறேன். காலையில் கதவு திறந்ததும் ஆரம்பிக்கும். “அக்கா, முருங்கைக்காய் வந்ததோ?” “ஓம்.” “அக்கா, நாளைக்கும் கடை திறப்பீங்களோ?” “ஓம்.” ஒரு நாளில் என் வாயிலிருந்து வருவதில் பாதி இந்தச் சொல்தான். யார் அக்கா என்றாலும் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

வேட்டைக்குழுவில் எனக்கு அந்த ஓம் சொல்லும் வேலை இல்லை. அங்கே வயல் ஓரத்தில் துவக்கோடு வரிசையாக நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த இடம் எனக்குச் சும்மா வந்ததல்ல. போன கோடையில், அந்த வேட்டை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கிழட்டு விவசாயி என் தோளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “துவக்கு ஏலாவிட்டால் கம்போடு வா. பறவையைக் கிளப்புகிற ஆட்களோடு சோளத்துக்குள் நட.” நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எரிச்சல். ஃபசான் வேட்டை நாளுக்குள் தூக்கக்கூடிய ஒரு துவக்கு கிடைக்காவிட்டால் என் இடம் வேறு யாருக்கோ போய்விடும். ஃபசான் என்பது நீண்ட வாலுள்ள காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை. வருடத்தில் ஒரே நாள்தான் அதைச் சுடுவோம்.

துவக்குக் கடைக்கு என் மனுசனும் வந்தார். அவருக்குத் துவக்கைத் தொடவும் பிடிக்காது. வீட்டில் துவக்கு அலுமாரியின் பூட்டு இலக்கம் அவருக்குத் தெரியாது, சட்டம் அப்படி. கட்டின மனுசிக்குத் தன்னில் நம்பிக்கையில்லை என்று அதை வைத்து ஊரெல்லாம் புலம்புவார்.

நான் தேடியது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள துவக்கு. பறவைக்கும் அதுதான், களிமண் தட்டுச் சுட்டுப் பழகவும் அதுதான். கடைக்காரர் முதலில் கொண்டுவந்ததில் பக்கம் முழுக்கப் பூ செதுக்கியிருந்தது.

“இது பெண்களுக்கான மொடல்.”

“பூ எதற்கு? ஃபசானுக்குக் காட்டவா?”

அவர் சிரித்துவிட்டு அதைத் திருப்பி வைத்தார். பிறகு ஒழுங்காக இரண்டை எடுத்தார். ஒன்று உருக்கு உடல், மூன்று கிலோவுக்குக் கிட்ட. மற்றது அலுமினிய உடல், குழலும் சிறியது, இரண்டரைக் கிலோ வரும். கடைக்காரர் நேர்மையாகப் பேசினார். “இலேசானது வயலில் நடக்கச் சுகம். ஆனால் அதே தோட்டாவுக்கு அதிகமாக உதைக்கும். இன்னொன்று, பாரமான துவக்கு பறவையின் பின்னால் தானாகப் போகும். இலேசானதை நீதான் கொண்டுபோக வேண்டும். உன் மனம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.”

இலேசானதைத் தூக்கினேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சாமானை வாங்கினால் அது கையில் இருப்பது தெரிய வேண்டும். இதைத் தூக்கியபோது, எதிர்ப்பக்கம் யாரோ நின்று பாதிப் பாரத்தைத் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. தோளில் வைக்கும் மரச் சோங்கு தானாக வந்து என் நோகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சரியாக உட்கார்ந்தது.

“துவக்கு வாங்க வந்தனீரோ, ஈர்க்கு விளக்குமாறு வாங்க வந்தனீரோ?” என்றார் மனுசன்.

“வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ.”

“இல்லை, கூட்டவும் உதவுமெண்டால் நல்லதுதானே.”

சுட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை காலை, பழைய சரளைக்கல் குழி ஒன்றுக்குள் இருக்கும் சுடுதளத்துக்குப் போனோம். குழி முழுக்கப் பனிப்புகார். மனுசன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் இருந்துகொண்டார். கார் மேலே, தெருவோரம். குழிக்குள் நானும் கடைக்காரரும் மட்டும்.

அங்கே தட்டை எறிய ஆள் இல்லை. நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு மைக் இருக்கும். கத்தினால் இயந்திரம் தட்டை வீசும். ஜேர்மன்காரர் “ஹொப்” என்று கத்துவார்கள். காதில் போட்டிருக்கும் கவசம் வெடிச்சத்தத்தை அடைக்கும், சின்னச் சத்தங்களைப் பெருப்பித்துக் கொடுக்கும். இலையிலிருந்து நீர் சொட்டுவது கேட்கும். நம் எச்சில் விழுங்குவது நமக்கே கேட்கும்.

உருக்கு உடல் துவக்கை நாலைந்து தரம் தூக்கியதும் தோள் போதும் என்றது. இலேசானதை எடுத்தேன். ஹொப், பிழைத்தது. ஹொப், பிழைத்தது. தட்டு போய்க்கொண்டே இருந்தது, துவக்கு பாதி வழியில் நின்றது. எரிச்சலில் தோட்டாவை மாற்றிப் போட்டு மூடினேன். சோங்கு இன்னும் இடுப்பருகில்தான் இருந்தது.

“அக்கா.”

இடது காதுக்குள், கிட்ட. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. கடையில் ஏதோ சாமான் கேட்கப்போகிற தொனி.

“ஓம்” என்றேன்.

மைக்குக்கு ஓமும் ஹொப்பும் ஒன்றுதான். தட்டு பறந்தது. நான் துவக்கைத் தூக்கியது எனக்கு ஞாபகம் இல்லை. அது தோளில் இருந்தது, தட்டு ஆகாயத்தில் கறுப்புத் தூளாக இருந்தது.

“என்ன சொன்னாய்?” கடைக்காரர் பின்னாலிருந்து கேட்டார். “ஓம்? யோகாவா?”

“உங்கள் ‘யா’தான் எங்கள் மொழியில் ஓம்.”

“அதையே சொல்லு. ஹொப் என்னும்போது உன் தோள் காதுவரை ஏறுகிறது. இதற்கு மூச்சு இறங்குகிறது.”

ஓம் என்று சொல்லிச் சுட்டேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் உடைந்தது. குரல் திரும்ப வரவில்லை. சுற்றிப் பார்த்தேன். கல்லும் பனிப்புகாரும் வெள்ளைப் பட்டை மரங்களும்தான். அந்த இலேசானதையே வாங்கினேன். குரலுக்காக இல்லை. தோள் தாங்கியது அதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் பொழுதுபட்ட நேரம் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல விடமாட்டார்கள். மூன்று தரம் கூப்பிடட்டும் என்பார்கள். ஆளென்றால் மூன்று தரம் கூப்பிடும். மற்றதுகளுக்கு மூன்றாம் தரம் கூப்பிட ஏலாது. அதுவரை வாய் திறக்கக்கூடாது. இந்தக் கதைகளை நான் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் காருக்குள் ஏறியதும் மனுசனிடம் சொன்னேன்.

“முதல் கூப்பாட்டுக்கே ஓம் எண்டு சொல்லிப்போட்டீரோ?”

“கடை வாய். தன்பாட்டில வந்திட்டுது.”

“பேய் வந்து பருப்புக் கேட்டாலும் நீர் நிறுத்துக் குடுப்பீர்.”

பகிடியாகத்தான் சொன்னார். அன்று பின்னேரம் என் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு நான் பார்க்காத நேரம் காதுக் கவசத்திலும் பூசியிருந்தார்.

அதற்குப் பிறகு பழகப் பழக ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஓம் என்று சொன்னால்தான் கை எழும்பியது. சொல்லாமல் சுட்டுப் பார்த்தேன், விரல் விசையில் செத்துக் கிடந்தது. சொல்லிச் சுடுவதில் என்ன தவறு என்று விட்டுவிட்டேன்.

வேட்டை நாளும் பனிப்புகார்தான். அறுக்காமல் விட்ட சோள வயல் துண்டு ஒன்றின் ஓரத்தில் என்னை நிறுத்தினார்கள். குத்தகைக்காரர் எனக்கு வலப்பக்கம் நின்றார். தூரத்தில் கொம்பு ஊதியது. கிளப்புகிற ஆட்கள் அடுத்த முனையிலிருந்து கம்பால் தட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். அவர்கள் இன்னும் வெகுதூரத்தில். என் முன்னால் காய்ந்த சோளத்தாள்கள் மட்டும் உரசிக்கொண்டு நின்றன.

“அக்கா.”

சோளத்துக்குள்ளிருந்து. வாய் திறந்துவிட்டது. உதட்டைக் கடித்தேன். அதே நேரம் ஒரு சேவல் ஃபசான் படபடவென்று எழும்பி என் தலைக்கு மேலால் போனது. கை எழும்பவில்லை. என் பறவை என்பதால் மற்றவர்களும் சுடவில்லை.

“நித்திரையா?” என்று கத்தினார் குத்தகைக்காரர்.

யாருக்குமே பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

“அக்கா.”

இந்தத் தரம் இன்னும் கிட்ட. அடுத்த பறவை எழும்பியது. துவக்கு கையில் கிடந்தது, பாரமே இல்லாமல். பறவை போய்விட்டது.

“கம்பு தரட்டா?” என்றார் அவர். பக்கத்தில் யாரோ சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பேயை விடப் பெரிதாகத் தெரிந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் இடம் என்னுடையது. சொல்லாவிட்டால் கம்பு. ஆனால் பதில் சொல்லும் முறை எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்து நின்றேன். கிளப்புகிறவர்களின் தட்டும் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. இனி ஒரு பறவை மிஞ்சியிருந்தாலே பெரிது.

“அக்கா.”

அவசரம் இல்லை. கோபம் இல்லை. பணம் கொடுக்கும் மேசைக்கு மேலால் குனிந்து, வேறு ஆள் போகட்டும் என்று பொறுத்து நின்றுவிட்டுக் கேட்கிற குரல்.

“ஓம்” என்றேன்.

சேவல் உயரமாக எழும்பியது. துவக்கு தானாகப் போனது, நிற்கவில்லை. பறவை கழுத்து மடிந்து பின்னால் புல்லில் விழுந்தது.

முடிவில் பறவைகளை ஊசியிலைக் கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்தினார்கள், கொம்பு ஊதினார்கள். குத்தகைக்காரர் என் கையைக் குலுக்கினார். “அடுத்த வருடமும் நீ அங்கேதான்” என்றார். சந்தோசப்பட வேண்டிய நேரம். பறவை கிளப்பிய ஆட்களின் முகங்களை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் அந்தக் கிராமத்து ஆட்கள். சோளத்துக்குள் வேறு யாரும் இருந்தார்களா என்று கேட்டேன்.

“ஒருவரும் இல்லை. ஏன்?”

“கூப்பிட்டது கேட்டது.”

“காட்டில் ஒரு பறவை இருக்கிறது” என்றார் அவர். “கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்லும்.”

“அது தமிழை எங்கே கேட்டது?”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு நாயைக் கூப்பிட்டார்.

மனுசன் வயல் தெருவில் காரோடு காத்து நின்றார். துவக்கை உறைக்குள் வைத்துப் பூட்டிப் பின்சீற்றில் கிடத்திவிட்டு முன்னால் ஏறினேன். நடந்ததைச் சொன்னேன்.

“எத்தினை தரம்?” என்றார்.

“மூண்டு.”

“வடிவாக் கேட்டனீரோ?”

“மூண்டு தரம். மூண்டாவதுக்குத்தான் ஓம் சொன்னனான்.”

பகிடி ஒன்றும் வரவில்லை.

“அப்ப அது பேயில்லை” என்றார். “ஆள்.”

“ஓம்.”

“ஆரெண்டு கேட்டனீரோ?”

“இல்லை.”

அவர் ஒரு பொத்தானை அமத்தினார். நாலு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டின. பூட்டிய பிறகுதான் இருவரும் பின்சீற்றைத் திரும்பிப் பார்த்தோம்.