என் பெயரில் துடித்தவர்

குர்லா ஸ்டேஷனில் ஹார்பர் லைனுக்கு மாறுவதற்காகப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது ராணியிடமிருந்து ஃபோன் வந்தது. ராணி, மாசிலாமணி அண்ணாச்சியின் மகள். “ஆன்ட்டி, அப்பா எக்ஸ்பயர் ஆயிட்டாங்க. காலைல பானி புடிக்கப் போனாங்க, உதர் ஹீ, அங்கயே விழுந்துட்டாங்க” என்றாள். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. கூட்டம் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. செம்பூர் வண்டியை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, சயானில் இறங்கித் தாராவிக்குப் போனேன்.

அண்ணாச்சியின் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் மாசிலாமணியை மட்டும்தான். ஆனால் கடைசி எட்டு மாதம் அவர் நெஞ்சு எப்படித் துடித்தது என்ற கணக்கு என்னிடம்தான் இருக்கிறது. அது எப்படி என் கைக்கு வந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நல்லவர், உழைப்பாளி என்று மற்றவர்கள் எழுதுவார்கள். அதெல்லாம் உண்மைதான், நான் திருப்பி எழுதப் போவதில்லை.

செம்பூரில் எங்களுடையது கப்பல் சரக்குகளுக்குக் காகிதங்கள் தயார் செய்யும் கம்பெனி. ஐந்து மாடி. ஒரு மேஜையில் கையெழுத்தான ஃபைல் அடுத்த மேஜைக்குப் போக வேண்டுமென்றால் அண்ணாச்சிதான் கொண்டுபோக வேண்டும். பதினோரு வருஷமாக வேலை பார்த்தும் அவர் காண்ட்ராக்ட் ஆள். லிஃப்டுக்கு எங்களிடம் கார்டு இருந்தது, அவரிடம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறார் என்று யாரும் எண்ணியதில்லை. ஒருநாள் நான்தான் கேட்டேன், “கால் வலிக்கலையா அண்ணாச்சி?” என்று. “வலிக்கிறதுக்கெல்லாம் நேரம் எங்க மேடம் இருக்கு?” என்று சிரித்துவிட்டுப் படியில் இறங்கினார்.

போன வருஷம் கம்பெனி எங்களுக்கெல்லாம் கையில் கட்டிக்கொள்ளும் ஃபிட்னெஸ் பேண்ட் கொடுத்தது. எத்தனை அடி நடந்தோம், இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை அது பதிந்து, அவரவர் ஃபோனுக்கு அனுப்பும். எந்த செக்‌ஷன் அதிகம் நடக்கிறதோ அதன் பெயர் ரிசப்ஷனில் பெரிய திரையில் வரும். காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பேண்ட் கிடையாது. எங்கள் செக்‌ஷனில் நாலு பேர். நாலு பேரும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத ஜென்மங்கள். முதல் மாதம் கடைசியில் வந்தோம். மேனேஜர்தான் வழி சொன்னார்: “அரே, மாசி கோ பெஹனா தோ நா!” மாசிலாமணிக்கு மாட்டிவிடுங்களேன் என்று.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் வந்ததும் நாலு பேரும் பேண்டைக் கழற்றி அண்ணாச்சியிடம் கொடுப்போம். இடது கையில் இரண்டு, வலது கையில் இரண்டு கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுக்கொள்வார். நாலும் ஒரே கறுப்பு. மாறிப்போகக் கூடாதே என்று அவர் மனைவி பேச்சியம்மாள் ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல் சுற்றிக் கொடுத்தார். என்னுடையது மஞ்சள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பித் தரும்போது, “இன்னைக்கு நீங்க பதினாறாயிரம் அடி நடந்திருக்கீய மேடம், வீட்ல போயி காலை நீட்டிப் படுங்க” என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மூன்று மாதம் தொடர்ந்து முதலிடம் வந்தோம். லோனாவ்லாவுக்கு ஒருநாள் பிக்னிக் கூட்டிப்போனார்கள். முதலிடப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும்தான் பஸ்ஸில் இடம். அண்ணாச்சிக்கு ஒரு பாக்கெட் சிக்கி, அந்த ஊர்க் கடலை மிட்டாய், வாங்கி வந்தேன். அவர் அதைப் பிரித்து எங்கள் நாலு பேருக்கும் முதலில் கொடுத்துவிட்டு, கடைசித் துண்டை எடுத்துக்கொண்டார். அப்போது எனக்கு வெட்கமாக இல்லை. இதை எழுதும்போது இருக்கிறது.

அவர் என் மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம் அதுவரை பதிந்தது என் ஃபோனுக்கு வந்து சேரும். சில நாள் கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும்: நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் இதயம் மிக வேகமாகத் துடித்தது, கவனியுங்கள் என்று. நான் விரலால் தள்ளிவிடுவேன். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே. துடித்தது என் இதயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் யாருடையது என்ற அடுத்த கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. மற்ற மூவரின் ஃபோனுக்கும் அதே நேரத்தில் அதே எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒருநாள் நாலாம் மாடிப் படியில் அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. பத்து நிமிஷத்தில் சரியாகி எழுந்து போய்விட்டார். மறுநாள் முனிசிபல் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஈ.சி.ஜி. எடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி படபடப்பு, மறுபடி வரிசை, மறுபடி எல்லாம் சரி. வந்து வந்து போகிற கோளாறு, நீ இங்கே வரும்போது அது ஒளிந்துகொள்கிறது, வந்த நேரத்துப் பதிவு ஏதாவது இருந்தால் கொண்டு வா, பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்று மத்தியானம் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்து, யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “மேடம், என் துடிப்பு உங்ககிட்டதானே இருக்கு. அத கொஞ்சம் எடுத்துத் தாங்களேன். டாக்டரு கேக்காரு.”

கடன் கேட்பவரைப் போலக் கூச்சத்தோடு கேட்டார். அவருடைய பொருளை அவர் கேட்டார், அவ்வளவுதான்.

ஃபோனைத் திறந்து பார்த்தேன். கம்பெனி கொடுத்த ஆப்பில் அடிக் கணக்கும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சராசரித் துடிப்பும்தான் தெரியும். ஒருநாள் எண்பத்தொன்று, இன்னொரு நாள் எழுபத்தொன்பது. சராசரியில் அண்ணாச்சி நன்றாகவே இருந்தார். நிமிஷத்துக்கு நிமிஷம் பதிந்த முழு விவரம் வேண்டுமென்றால் கம்பெனிக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஒரு பக்கப் படிவம். அதில் ஒரு கட்டம்: ‘விவரம் கேட்பதற்கான காரணம்.’

அந்தக் கட்டத்தில்தான் நான் நின்றுவிட்டேன். காரணம் எழுதினால் யாராவது என் பதிவைத் திறந்து பார்ப்பார்கள். பக்கத்தில் மற்ற மூவருடையதையும் வைத்துப் பார்ப்பார்கள். நாலு பேருக்கும் ஒரே நிமிஷத்தில் ஏறி ஒரே நிமிஷத்தில் இறங்கும் நாலு இதயங்கள்! குட்டு வெளிப்பட்டுவிடும். மாதக் கடைசியில் பட்டியல் வந்துவிடட்டும், பிறகு போடலாம் என்று நினைத்தேன். அண்ணாச்சியிடம், “கேட்டிருக்கேன், கொஞ்சம் நாளாகும்னு சொல்றா. பொறுத்துக்கோங்கோ” என்றேன். அது பொய்.

“டென்ஷன் நஹி லேனே கா மேடம்” என்று எனக்கே தைரியம் சொன்னார் அவர். இனிமேல் இந்த விளையாட்டு வேண்டாம், யாருடைய பேண்டையும் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொன்னேன். மற்ற மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மஞ்சள் நூல் சுற்றியதை மட்டும் கழற்றவில்லை. “இது ஒன்னு கெடக்கட்டும் மேடம். வீட்லயும் கட்டிக்கிடுதேன். எப்ப வருதோ அப்ப பதியட்டும். டாக்டருகிட்ட காட்டணும்லா.” அதற்குப் பிறகு இரண்டு முறை, “வந்துட்டா மேடம்?” என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. இப்படியே மூன்று வாரம் போயிற்று.

தாராவியில் அவர்கள் வீட்டுக்கு நான் போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். பத்துக்குப் பத்து அறை. மேலே சாமி படங்கள், மூலையில் காலி பிளாஸ்டிக் டிரம். அவர் பிடிக்கப் போன தண்ணீர் அந்த டிரம்முக்குத்தான். மாலை போட்டிருந்த உடம்பின் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் தெரிந்தது. ஆபீஸ் சாமான் என்று யாரும் அதைத் தொடவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பேண்ட் என் ஃபோனைக் கண்டுகொண்டு, முந்தைய சாயங்காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அனுப்பியிருந்தது. ‘இன்று இதுவரை 214 அடிகள்’ என்று வந்தது. அறையிலிருந்து குழாயடிக்கு. அதன் கீழே, ‘எழுந்து கொஞ்சம் நடக்கலாமே!’ அதுவரை நான் அழவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் வேறொரு பிரச்சினை கிளம்பியது. அண்ணாச்சி குழாயடியில் விழுந்ததை முதலில் யாரும் பார்க்கவில்லை. மயக்கம் என்று நினைத்து ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இறந்த நேரம் ஆறு நாற்பது என்று எழுதியிருந்தது. அன்று காலை ஆறே காலுக்குத் திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்துவிட்டது. அவிட்டத்தில் சாவு என்றால் அடைப்பு, அறையை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும் என்று சங்கத்துப் பெரியவர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் பயந்துபோய் அதையே சொன்னார்கள்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: “இருக்கதே ஒத்த ரூமு. இதுல எந்த ரூம அடைக்க? நானும் எம்மவளும் எங்க போயி கெடக்க? அந்த வாச்சு எல்லாத்தையும் பதியும்னு சொல்லுவாவளே, எத்தன மணிக்கு உசுரு போச்சுன்னு அதுல இருக்காதா மேடம்?”

அங்கேயே உட்கார்ந்து ஃபோனில் படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில், ‘இது என் இதயம் அல்ல, எங்கள் ஆபீஸில் ஃபைல் சுமந்த மாசிலாமணியின் இதயம். அவர் இறந்துவிட்டார்’ என்று எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. தானாகவே வருகிற அனுமதி. அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதே இல்லை. எதை எழுதியிருந்தாலும் வந்திருக்கும். எதற்குப் பயந்து மூன்று வாரம் அவரைக் காக்க வைத்தேனோ, அது இல்லவே இல்லை.

மறுநாள் விவரம் மெயிலில் வந்தது. கடைசிப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஐந்து முப்பத்தொன்றுக்கு 118. ஐந்து நாற்பதுக்கு 146. ஐந்து நாற்பத்தொன்பதுக்கு 171. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு 64. அதற்குப் பிறகு நேரம் மட்டும் இருந்தது, எதிரே வெறும் கட்டங்கள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு தலைப்புக்குப் போய், “இதுல வசந்தான்னு ஒரு பொம்பள பேருல்லா போட்டிருக்கு?” என்றார்.

அந்தச் சந்தில் நின்றிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பேண்ட், பட்டியல், லோனாவ்லா, டாக்டர் கேட்டது, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேச்சியம்மாள் உள்ளே போய், உடம்பை எடுக்கும் முன் கழற்றி வைத்திருந்த பேண்டை எடுத்துவந்து பெரியவர் கையில் வைத்தார். “மஞ்ச நூலு. நாந்தான் சுத்துனேன். அவுக கையிலதான் கெடந்துச்சு” என்றார். பெரியவர் நூலை விரலால் தடவிப் பார்த்தார். “அப்பம் திருவோணந்தான். அடைப்பு இல்ல” என்றார். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேண்ட் கம்பெனிச் சொத்து, திருப்பிக் கொடுத்துவிட்டேன். நூலை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டேன். எட்டு மாதத் துடிப்பும் என்னிடம் இருக்கிறது. ஆரம்பத்தில் சில வாரங்கள் ஒழுங்காக ஓடுகிறது. போகப் போக ஓரிரண்டு நிமிஷம் தாறுமாறாகத் தெறிக்கிறது. படியில் உட்கார்ந்த நாள் அதில் இருக்கிறது. என் மேஜைக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்ட அந்த மத்தியானமும் இருக்கிறது. அப்போது அவருக்கு நூற்றிருபத்தாறு.

விவரம் வந்த மூன்றாம் நாள், கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் பேசினாள். அனுமதியோடு ஒரு பிரதி அவர்களுக்கும் போயிருந்ததாம். பதற்றமாகப் பேசினாள். “வசந்தா மேடம், உங்க ரெக்கார்டை டாக்டர் பார்த்தார். ரொம்ப சீரியஸ். இன்னிக்கே அட்மிட் ஆகணும். வண்டி அனுப்பட்டுமா?” இது என்னுடையது இல்லை, இந்த இதயத்துக்குரியவர் இறந்துவிட்டார் என்றேன். அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம். பிறகு அவள் சந்தேகத்தோடு கேட்டாள்: “ஆனா மேடம், இதுல உங்க பேர்தானே இருக்கு?”

ஆமாம், என் பேர்தான் இருக்கிறது என்றேன்.