வீமனின் காதும் புஸ்பத்தின் கலியாணமும்

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இலங்கையை ஆண்ட காலத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரையைச் சகுனம் ஆண்டது. அதற்கு ஆஸ்தான மந்திரி அருமைநாயகம். வயல் வட்டையில் விதைக்கப் புறப்படுகிறவன்கூட, பல்லி சொன்ன திசையை அவரிடம் ஒப்புவித்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பான்.

அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டிலேயே எதிரி முளைத்தது. மகள் புஸ்பத்துக்கு வாவிக்கு அக்கரையில், களுவாஞ்சிக்குடியில் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும். வெற்றிலைத் தட்டோடு படலையைத் தாண்டும்போது, அவருடைய நாய் வீமன் தலையை உதறிக் காதைப் படபடவென்று அடித்தது. புறப்படும்போது நாய் காதடித்தால் போகிற காரியம் உருப்படாது, அது சாஸ்திரம். திரும்பினார். தண்ணீர் குடித்தார். மறுபடி புறப்பட்டார். படபட! அடுத்த நல்ல நாளிலும் அதே கதை. 'வாற வெள்ளிக்குள்ள வராட்டி வேற இடம் பாக்கிறம்' என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். புஸ்பம் அழுத அழுகையில் அன்றைய சோறு உப்புக் கரித்தது.

"வீமன்ட காதுக்குள்ள சனி பகவான் குந்தியிருக்கிறார்" என்றார் அருமைநாயகம்.

"ஆர் குந்தியிருக்கிறதெண்டு பாப்பம்" என்று மனைவி ஆச்சிப்பிள்ளை நாயை அமுக்கிப் பிடித்துக் காதை மடித்தாள். "இஞ்ச பாருங்க. உள்ளுக்குச் செவசெவண்டு கிடக்கு. கறுத்த ஊத்தை, நாத்தம் வேற. தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுச் சொறியக்குள்ளயே விளங்கயில்லையா? உங்கட தோணிக்குப் பின்னால நீந்தி, காதுக்குள்ள தண்ணி போய்க் கிடக்கு."

"சாஸ்திரத்தில தண்ணியப் பத்தி ஒண்டும் இல்ல."

"சாஸ்திரத்துக்குக் காது நோகாது."

தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, சொட்டுச் சொட்டாக விட்டாள். காதின் அடியைப் பிசைந்து, மேலே வந்த ஊத்தையைப் பழந்துணியால் துடைத்தாள். உதவி செய்யத் தென்னை ஈர்க்கோடு வந்த மந்திரியை விரட்டினாள்: "குடைஞ்சீங்களெண்டா செவிடாப் போயிரும்!" வீமனை வாவிப் பக்கம் போகவிடாமல் கட்டிப்போட்டு, காலையும் மாலையும் இதையே செய்தாள்.

வெள்ளிக்கிழமை வீமன் வாலை மட்டும் ஆட்டியது. "சனி பெயர்ந்திட்டார்" என்று அறிவித்துவிட்டு அருமைநாயகம் தோணி ஏறினார்.

களுவாஞ்சிக்குடியில் வெற்றிலைத் தட்டை நீட்டுகிற நேரம், வாசலில் படுத்திருந்த மாப்பிள்ளை வீட்டு நாய் எழும்பி, படபட!

மாப்பிள்ளையின் தாய் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "சகுனம் என்ன சொல்லுது?"

எல்லோரும் மந்திரியைப் பார்த்தார்கள். சாஸ்திரம் பேசினால் மகள் இல்லை. மகளைப் பேசினால் சாஸ்திரம் இல்லை. அருமைநாயகம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். அந்த நாயின் காதை மடித்தார். மோந்து பார்த்தார்.

"சகுனம் இல்ல மச்சாள், ஊத்தை. கொஞ்சம் தேங்காயெண்ணெய் சுட வையுங்க. ஈர்க்கு வேணாம்."