மனோ அக்காவின் பதினோராம் அத்தியாயம்

போன மாதம் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஹோலில் படம் போட்டார்கள். நான் எழுதிய ஒரே நாவலைத் தழுவிய படம். என் பக்கத்தில் மனோ அக்கா. அவருக்குப் பக்கத்தில், கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த மகள்.

நாவலின் கதாநாயகி மனோ அக்காதான். "பேரை மட்டும் மாத்தி எழுது பிள்ளை" என்று அவரே சொன்ன கதை. பெயரையும் சில அடையாளங்களையும் இங்கும் மாற்றியிருக்கிறேன்.

கணவர் இறந்த பிறகு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் எவ்வளவு கூப்பிட்டும் ஒரு பெண் வெள்ளவத்தை ஃபிளாட்டை விட்டுப் போக மறுக்கிறாள். ஏன்?

நாவலில் பதினோராம் அத்தியாயம் முழுவதும் அதற்கான பதில்தான். முப்பத்திரண்டு வருஷம் அந்த மனுஷனின் முகம் பார்த்துப் பேசி, முகம் பார்த்துச் சமைத்தவள். ஆண்டுத்திவசம் முடிந்த மறுநாள், மாலையோடு தொங்கிய அவருடைய படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைக்கிறாள். தேநீரோடு பல்கனியில் உட்காருகிறாள். தன் பாட்டில்... எவருக்கும் பதில் சொல்லாமல். அந்த நிம்மதியை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சினிமாவில்? தினமும் கணவரின் படத்துக்கு மல்லிகைப்பூ வைக்கிறாள். "அவர் இருந்த வீடு... விட்டிட்டு வரமாட்டன்" என்று விம்முகிறாள்.

ஏன் இப்படி மாற்றுகிறீர்கள் என்று டைரக்டரிடம் முதலிலேயே கேட்டேன். "அக்கா, நிம்மதியை எப்பிடிக் கமராவில காட்டுறது? அழுகையெண்டா சனத்துக்கு விளங்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். தன் நாவல் படமாகிறது என்றால் எழுதியவளுக்கு மூளை கொஞ்சம் மங்கித்தான் போகிறது.

ஹோலே மூக்கை உறிஞ்சியது. மகள் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அம்மா, இது உங்கட கதை மாதிரியே இருக்கு. அப்பாவை விட்டிட்டு வர ஏலாமத்தானே நீங்களும் வரேல்லை?"

மனோ அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

வேறென்ன சொல்வது? உன் அப்பா இல்லாத வீடுதான் எனக்குச் சுகம் என்று எந்தத் தாய் மகளிடம் சொல்வாள்?

அடுத்த நாளே மகள் அலுமாரியிலிருந்து அப்பாவின் படத்தை எடுத்தாள். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் மாட்டினாள். கனடா திரும்பிய பிறகும் தினமும் காலையில் வீடியோ கோல் — அப்பாவுக்குப் பூ வைத்தாயிற்றா என்று பார்க்க. பாசம்தான், குறை சொல்ல முடியாது.

அக்கா தினமும் பூ வைக்கிறார். தேநீரையும் அந்த முகத்துக்கு முன்னால்தான் குடிக்கிறார்.

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு என் வீடு தேடி வந்தார். கையில் என் நாவல்.

"இதை உன்னட்டையே வைச்சிரு பிள்ளை. மகள் அடுத்த முறை வரேக்க புத்தகத்தையும் வாசிக்கப் போறாளாம்."

"நான்தான் அக்கா கதையை மாத்த விட்டிருக்கக் கூடாது. என்ர பிழை."

"விடு. அவளுக்குப் படத்தில வாற அம்மாவைத்தான் பிடிச்சிருக்கு. ஒரு தேத்தண்ணி தா."

தேநீரோடு என் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பதினோராம் அத்தியாயத்தை மட்டும் மெதுவாக வாசித்தார். புத்தகத்தை மூடி என்னிடம் தந்துவிட்டு வெள்ளவத்தை பஸ் ஏறினார்.

மனோ அக்காவுக்கென்று இப்போது மிஞ்சியிருப்பது அந்த அத்தியாயத்தின் பதினான்கு பக்கங்கள். அவையும் என் வீட்டில்.