சொட்டு நின்ற காலை

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் செல்லத்தாயின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனான எனக்குப் பயம் கொஞ்சம் கூடுதல். அவள் புருஷன் ஜெயசிங் வீட்டில் வாயே திறக்கமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகை கட்டிக்கொண்டு நாங்கள் கும்பிடுகிற அய்யாவழித் தாங்கலில் நின்று துதிப் படிப்பு சொல்லத் தொடங்கினால், மேலே மலைச்சரிவில் இருப்பவர்களுக்கும் கேட்கும். அவர் ஒரு வரி சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்வோம். அந்த நேரம் மட்டும் செல்லத்தாய் வாயை மூடிக்கொண்டு, பெருமையாக அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இருவருக்கும் பால்வெட்டுத்தான் தொழில். வருஷக்கணக்காகப் பால் வாளி சுமந்த ஜெயசிங்குக்குக் கழுத்தெலும்பு நரம்பை அழுத்தி, கை மரத்துப்போனது. வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் கழுத்தின் முன்பக்கம் கீறி ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே கசியும் ரத்தம் வெளியே வர ஒரு டியூப், அதன் முனையில் ஒரு பாட்டில். குரல் மாறினாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, மூச்சு முட்டினாலோ உடனே கூப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். செல்லத்தாய் தலையாட்டினாள். அவள் கண் என்னவோ பாட்டிலில்தான் இருந்தது.

மறுநாள் காலை பாட்டிலில் ரத்தச் சொட்டு நின்றது. ரப்பர் மரத்தைக் காலையில் வெட்டினால் பால் சிரட்டையில் சொட்டி, வெயில் ஏற ஏற மெலிந்து தானே நின்றுவிடும். வெட்டின காயம் அடைந்துவிட்டது, மரத்துக்கு இனி ஓய்வு என்று அர்த்தம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்துவந்தது அது. சந்தோஷம் தாங்காமல் அவர் நெற்றியில் நாமம் இட்டுவிட்டு எனக்கும் போன் போட்டாள். "சொட்டு நின்னுபோச்சு அண்ணே. அய்யா காப்பாத்தீட்டாரு."

அப்போது ஜெயசிங் ஏதோ சொல்லப் பார்த்தார். குரல் கரகரத்தது. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள், கடைவாயில் வழிந்தது. அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கீறினா வலிக்கத்தான் செய்யும். ஒண்ணும் பேசாண்டாம், கெடந்து உறங்குங்க."

அவள் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸ் வந்து பாட்டிலைப் பார்த்தாள். "பேசினாரா அம்மா? குரல் எப்பிடி இருக்கு?"

"நல்லா பேசினாரு சிஸ்டர். ராத்திரி முச்சூடும் உறங்கல்ல. இப்பதான் கண்ணசந்தாரு, எழுப்பாண்டாம்."

சூப்பர்வைசரையே அடக்குகிற வாய். நர்ஸ் என்ன செய்வாள்? கொஞ்சம் கழித்து வருவதாகச் சொல்லிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் ஜெயசிங்கின் மூச்சு சீறத் தொடங்கியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ரத்தம் நிற்கவே இல்லை. டியூபில் கட்டி அடைத்துக்கொண்டதால் வெளியே வர வழியில்லாமல் கழுத்துக்குள்ளேயே தேங்கி, மூச்சுக்குழலை நெருக்கியிருந்தது. கட்டிலில் வைத்தே தையலைப் பிரித்தார்கள். தொண்டையில் துளை போட்டார்கள். உயிர் பிழைத்தது. சில மாதங்களில் கைக்கு உணர்ச்சியும் திரும்பியது. குரல் திரும்பவில்லை.

செல்லத்தாய் மறுபடி வேலைக்கு வந்தபோது அந்தப் பழைய வாய் இல்லை. எங்களுக்கே தாங்கவில்லை, ஒரு ஏச்சாவது ஏசமாட்டாளா என்று இருந்தது. ஒருநாள் ஒரு மரத்தடியில் குத்தவைத்து அழுதுகொண்டிருந்தாள். மரத்தில், பால் இறங்குகிற தகரச் சில்லில் உறைந்த ஒட்டுப்பால் அடைத்திருந்தது. சிரட்டை காலி. பால் பட்டை வழியாக வழிந்து மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இது எனக்குத் தெரியாதா அண்ணே? செரட்டையில சொட்டல்லேன்னா எங்க அடச்சிருக்குன்னுதானே மொதல்ல பாப்பேன்? எனக்க மாப்பிளைக்கு மட்டும் பாக்காம போனேனே."

நான் கத்தி நுனியால் அடைப்பை எடுத்துவிட்டேன். பால் சிரட்டையில் சொட்டத் தொடங்கியது. அதைப் பார்த்து அவள் இன்னும் அழுதாள்.

இப்போதும் ஜெயசிங் தலைப்பாகை கட்டிக்கொண்டு தாங்கலில் முன்னால்தான் நிற்கிறார். உதடு அசையும், காற்று வரும். போன ஞாயிறு அவரே செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்து, நீ சொல்லு என்று கைகாட்டினார். எல்லா வரியும் அவளுக்கு மனப்பாடம். எங்களுக்கும் அவள் சொன்னால் நன்றாயிருக்கும் என்றுதான் இருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"எழுப்பாண்டாம்னு சொன்ன வாய் அண்ணே இது. இத வச்சி நான் எப்பிடிப் படிப்பு சொல்லுவேன்?"

உள்ளே ஜெயசிங் நீட்டிய கையை இன்னும் இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.