ஈறு நிறத்தில் ஒரு பல்சக்கரம்

இடது கட்டைவிரல் சக்கரத்தை ஒரு பல் அளவு தள்ளித் திருப்பும். வலது கையிலிருக்கும் சின்ன அரம் அந்தப் பல்லின் ஓரத்தை ஒரே ஒரு தடவை தொட்டு எடுக்கும். பிறகு வாயால் ஓர் ஊதல். தூள் பறந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி ஒரு பார்வை, மறுபடி கட்டைவிரல். அரைகுறைப் பல்செட்டுகள் வாய் பிளந்து கிடந்த அந்த மேசையில், ஈறு நிறத்தில் ஒரு பல்சக்கரம் உருவாகிக்கொண்டிருந்தது.

"யாருக்குண்ணே இந்த செட்டு? வாயி வட்டமா இருக்கும் போலிருக்கே!" என்றாள் பக்கத்து மேசையில் பிளாஸ்டர் கலக்குகிறவள்.

"காருக்கு."

"அதானே பார்த்தேன். அதுக்கும் பல்லு போயிடுச்சா?"

அவர் சிரிக்கவில்லை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பதுதான் அவர் வேலை. தேய்ந்துபோன பழைய சக்கரத்தின் பற்களை மெழுகால் கட்டி, பிளாஸ்டரில் அச்செடுத்து, பல்செட்டுக்கு ஊற்றும் அதே கலவையை ஊற்றி வேகவைத்திருந்தார். அந்தக் கலவை ஈறு நிறத்தில் மட்டும்தான் இருந்தது.

கார் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, தரையை உரசுகிற உயரம். முகப்பு விளக்குகள் மூடிக்குள் படுத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் இமை திறந்தமாதிரி எழும்பும். இப்போது, தூக்கும் மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்துபோய், இடது விளக்கு பாதியில் நின்று தூங்கி வழிந்தது. செய்த கம்பெனியே இந்த மாடலை எப்போதோ மறந்துவிட்டது. சாமானுக்குக் கேட்டால் கடைக்காரர்கள் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள்.

மூன்றாவது கையாக அதை வாங்கியபோது சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மனைவி மட்டும், "நமக்கென்ன பத்துப் பிள்ளையா? ரெண்டு பேருக்கு ரெண்டு சீட்டு போதாதா?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். தினமும் காலையில் அவளை இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார், மாலையில் ஏற்றிக்கொண்டு வருவார். வேகத்தடையைக் கண்டால் குறுக்காக வண்டியைச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக, கைக்குழந்தையைத் தாண்டுகிறவர்மாதிரி தாண்டுவார். மழை பெய்தால் கூரைத் தையல் வழியாக அவள் பக்கம் ஒழுகும். மடியில் துண்டு விரித்துக்கொள்வாள். வெயில் ஏறினால் எஞ்சின் சூடு காட்டும் முள்ளை அவள் பார்த்துக்கொள்வாள், சாலையை அவர் பார்ப்பார். சிக்னலில் பைக் பையன்கள், "பறக்க விடுங்க சார்!" என்று உசுப்பேற்றுவார்கள். நீங்க போங்கப்பா என்று கையைக் காட்டுவார். நாற்பதைத் தாண்டாத அவருக்குத் தெருவில் 'ரேஸ்காரர்' என்று பெயர்.

பிறகு மனைவியின் கால்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் அவளால் தணிந்த இருக்கையிலிருந்து எழ முடியவில்லை. அவர் இருக்கையைக் கழற்றி அடியில் மரக்கட்டை வைத்தார். அவள் தலை கூரையில் இடித்தது. கட்டையைச் செதுக்கித் தணித்தார், முழங்கால் மாட்டிக்கொண்டது. இருக்கையைப் பின்னால் தள்ளினார், சாய்த்தார், கதவில் பிடி வைத்தார். ஒவ்வொரு தடவையும், "இப்ப பாரு" என்பார். அவளும் பார்ப்பாள். கடைசியில் சக்கர நாற்காலி வந்தது. மடக்கினாலும் அது அந்தக் காருக்குள் எங்கேயும் நுழையவில்லை.

பழைய கார் வியாபாரியைத் தேடிப் பிடித்துப் பேசியது அவள்தான்.

"நாளன்னைக்கு வர்றாங்க. இத எடுத்துக்கிட்டு, நாற்காலியோட ஏத்தற மாதிரி வேன் ஒண்ணு குடுக்கறாங்க."

"ஒரு லைட்டு எந்திரிக்கல. அத எப்படிக் குடுக்கறது?"

"உடைச்சு சாமான் எடுக்கத்தானே கேக்கறாங்க. லைட்டு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன?"

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போமே. டாக்டரு..."

"டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

அவர் தண்ணீர் குடிக்க எழுந்தார். குடிக்காமலேயே வந்து உட்கார்ந்தார்.

"நான் இனிமே நடக்க மாட்டேங்க," என்றாள் அவள். "நீங்க எத்தன தடவ அந்த சீட்டக் கழட்டி மாட்டினாலும் சரி. அந்தக் கார் வாசல்ல நிக்கிற வரைக்கும் நீங்க இத நம்பப்போறதில்ல. நான் என்ன, சாமான் கெடைக்காத வண்டியா, நீங்களே செஞ்சு மாட்டறதுக்கு?"

அவர் சொன்னார்: "லைட்ட மட்டும் முடிச்சுக்கறேன்."

"முடிங்க. இல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காது."

வியாபாரி வருவதாகச் சொன்ன அன்று காலையில் பல்சக்கரத்தை மாட்டினார். பல்செட் மாட்டியவர்களைக் கடிக்கச் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று பார்க்கும் நீலத்தாளை அதற்கும் அது கோத்துச் சுழலும் சக்கரத்துக்கும் நடுவே கொடுத்து ஓட்டிப் பார்த்தார். ஒரு பல்லில் நீலம் அழுத்தமாக விழுந்தது. கழற்றி அரத்தால் ஒரே ஒரு தடவை தொட்டார். திரும்ப மாட்டிச் சுவிட்சைத் தட்டினார். இரண்டு விளக்குகளும் சேர்ந்தே எழும்பின. வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாபாரி வேனில் வந்தார். பின்னாலேயே, காரைத் தூக்கிப்போக ஒரு லாரி.

"லைட்டு சரி பண்ணிட்டேன்," என்றார் இவர்.

"எதுக்கு சார் சிரமம்? எஞ்சினும் கியர்பாக்ஸும் இருந்தா போதும்னு வீட்டம்மாகிட்ட அன்னைக்கே சொன்னேனே. மிச்சமெல்லாம் தகரத்துக்குத்தான் போகும்." சொல்லிக்கொண்டே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டார். விளக்குகள் எழும்பியபடியே நின்றுவிட்டன. லாரியிலிருந்து சங்கிலி இறங்கியது.

"ஏங்க," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "அது ரெண்டையும் மூடிட்டு அனுப்புங்க."

ஒவ்வொரு விளக்கு மோட்டாரின் அடியிலும் கையால் திருப்பும் குமிழ் ஒன்று உண்டு. அவர் குனிந்து அதைத் திருப்பினார். வலது விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மூடிக்கொண்டது. இடதுபக்கம் போனார். அது எங்கேயும் சிக்கவில்லை, உள்ளே ஒரு சத்தமில்லை. நன்றாகத்தான் செய்திருந்தார்.

சாவியைக் கொடுத்தார். கூடவே, பல்செட் வைத்துக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும் நீட்டினார். வியாபாரி திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார் இது?"

"லைட்டுச் சக்கரம், இன்னொண்ணு. எப்பவும் ரெண்டாத்தான் ஊத்துவேன். வலதுபக்கமும் தேய ஆரம்பிச்சிருக்கு."

வியாபாரி அவரைப் பார்த்தார், வாசலில் இருந்தவளைப் பார்த்தார். பிறகு டப்பாவை மூடி, வேனின் சாவியை அவர் கையில் வைத்தார்.