மூணு நூலும் பத்து மில்லியும்

சேதி வந்தபோது காலை பத்தேகால். ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். என் அண்ணன் நாகராஜன் சைக்கிளை இடக்கையால் பிடித்தபடி சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "மேஸ்திரி பூட்டாருடா. மார்வலின்னாரு. டவுன் ஆஸ்பத்திரியில சேத்து அர மணி நேரந்தான்" என்றார். அந்த நேரத்தில் வில்லியனூர்ச் சாலையோரம் அருள்சாமி மேஸ்திரியின் பட்டறையில், ஏகநாதன் முதலாளியின் பழைய பிரெஞ்சு வேன் நான்கு கருங்கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு போல்ட்டு பாக்கி.

அருள்சாமி எந்தப் போல்ட்டையும் எடுத்தவுடன் ஸ்பேனரால் தொடமாட்டார். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் இரண்டால் மட்டும் சுற்றுவார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். யாராவது பேசினால் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுவார், பேச்சு நின்றுவிடும். இடுப்பில் ஒரு கம்பி வளையம், அதில் பதினொரு நட்டுகள். கைக்கு வருகிற போல்ட்டு அந்தப் பதினொன்றில் தன் ஜோடியைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஜோடி கிடைக்காதது ஒரு கொட்டாங்குச்சிக்குப் போகும். அதற்கு அவர் வைத்த பெயர் அனாதைச் சாவடி.

"ஜெபமாலைய ஆணியில மாட்டிட்டு நட்டு மாலைய இடுப்புல மாட்டினு போறாரு பாரு" என்பார் அவர் மனைவி அந்தோணி மேரி.

"அதுக்கெல்லாம் மாதா கோச்சிக்க மாட்டாங்க மேரி. தப்பு போல்ட்டு போட்டா கோச்சிப்பாங்க."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள் மில்லிமீட்டர் கணக்கு. சுற்றிலும் உள்ள தென்னார்க்காட்டில் இங்கிலீஷ்காரன் வைத்த இஞ்சுக் கணக்கு. இஞ்சில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். வில்லியனூரிலிருந்து பாகூர் போய்ச் சேருவதற்குள் நம் எல்லை முடிந்து, தென்னார்க்காட்டு எல்லை வந்து, மறுபடி நம் எல்லை வரும். வண்டி எந்த ஊரில் நின்றுபோனதோ அந்த ஊர்க் கடைக்காரன் கொடுத்த போல்ட்டு அதில் ஏறிவிடும். அருள்சாமியிடம் வருவதற்குள் ஒரே எஞ்சினில் இரண்டு தேசமும் குடியிருக்கும். ஒரு ஸ்பேனர் போல்ட்டின் தலையில் ஏறவே ஏறாது. அடுத்தது வழுக்கி, தலையை உருட்டிவிடும். அவர் விரல் முட்டி தோல் பெயரும். "மெர்த்!" என்பார். பிரெஞ்சு அரசாங்க கராஜில் பதினான்கு வருஷம் இருந்ததில் அவருக்கு மிஞ்சிய வார்த்தைகளில் ஒன்று. அர்த்தம் கேட்டால், "பொம்பளைங்க இருக்காங்க" என்று முடித்துவிடுவார்.

எல்லாவற்றிலும் மோசம், மூன்று நூல் போல்ட்டும் பத்து மில்லி மரையும், அதாவது துளைக்குள் வெட்டிய புரியும், சேருவது. "மத்ததெல்லாம் ஏறமாட்டேன்னு அடம் புடிக்கும். நேர்மையானதுங்க. இது ஒண்ணுதான் சிரிச்சினே உள்ள போவும். அர மில்லிதான வித்தியாசம்? நாலு சுத்து போயி இறுகும். பூட்டிக்கிச்சின்னு நம்பிடுவ. மரையோட நுனிய மட்டும் கவ்வினு கீதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்பார் அருள்சாமி.

அவருக்குத் தெரிந்தது அறுபத்தாறில். ஏகநாதனின் மல்லாட்டைக் கடலை மூட்டைகள் அன்றே பாகூருக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், இதே வேனின் ஸ்டீரிங் கம்பியில் அருள்சாமி ஒரு மூன்று நூல் போல்ட்டைப் பூட்டிவிட்டார். பாகூர் ஏரிக்கரையில் மரை உரிந்தது. வண்டியை ஓட்டியவர் என் அண்ணன். கரைச் சரிவில் வேன் உருண்டது. அண்ணனின் வலது முழங்கை அதற்குப் பிறகு நிமிரவில்லை. போல்ட்டு சேற்றில் விழுந்துவிட்டது. யாரும் தேடவில்லை, யாருக்கும் காரணம் தெரியாது. அருள்சாமி முழங்கால் சேற்றில் அரை நாள் துழாவி அதை எடுத்தார். நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து அண்ணனின் இடக்கையில் வைத்தார்.

"இத்த நான்தான் போட்டேன் நாகராசு. மூணு நூலு."

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செரி, அத்தத் தூக்கிப் போடு மேஸ்திரி. பீடி வெச்சிகீறியா?" என்றார்.

அதன் பிறகுதான் கம்பி வளையமும் நீலப் பெயின்டும் வந்தன. தன் விரலால் சோதித்துப் பூட்டிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு நீலப் பொட்டு வைப்பார். பொட்டு வைத்தது கழன்றதாக இந்த எட்டு வருஷத்தில் நான் கேள்விப்படவில்லை. அண்ணன் பட்டறைக்கு எதிரிலேயே பெட்டிக்கடை போட்டார். இருவரும் தெருவுக்குக் குறுக்கே நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கடைசி வேலையும் அதே வேன்தான். வண்டியின் அடிச்சட்டத்தில் ஸ்டீரிங் பெட்டியைப் பிடிக்கும் நான்கு போல்ட்டில் ஒன்று கழற்றும்போது முறிந்துவிட்டது. அந்த நீளத்தில் பத்து மில்லி டவுன் கடைகளில் இல்லை. கடைசல் பட்டறையில் சொல்லி வைத்துவிட்டு, தூசி போகாமல் துளையில் துணியை அடைத்தார். பதினோரு நாள் ஆயிற்று. ஏகநாதன் தினமும் வந்து கத்தினார்.

"இன்னாயா அருளு, ஒரு போல்ட்டுக்கா இம்மா நாளு? கொட்டாங்குச்சி நெறைய வெச்சினுகீற, அதுல ஒண்ண மாட்டேன்!"

"அதுங்க மூணு நூலு, பத்ரோன்." முதலாளிகளை அப்படித்தான் கூப்பிடுவார், அதுவும் அந்தக் கராஜில் கற்றது.

"யாருக்குய்யா தெரியப்போவுது?"

"எதுத்த பொட்டிக்கடையில ஒருத்தனுக்குத் தெரியும்."

ஏகநாதன் திரும்பிப் பார்ப்பார். அண்ணன் மடங்கிய வலக்கையை மார்போடு வைத்துக்கொண்டு, இடக்கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். ஏகநாதன் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மேஸ்திரி இறந்த அன்று, வியாழக்கிழமை, உடலை டவுனிலிருந்து கொண்டுவர வண்டி வேண்டியிருந்தது. பட்டறையில் கூடிய உறவினர்களில் ஒருவர் துணியைப் பிடுங்கிவிட்டு, கொட்டாங்குச்சியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துத் துளையில் வைத்துத் திருகினார். நாலு சுற்று போய் இறுகியது. "பூட்டிக்கிச்சி, கல்ல எடுங்க" என்றார்.

"கழட்டுயா அத்த!" குரல் ஏகநாதனுடையது. "என் வண்டியில கொணாரணும்னு எனக்கும்தான் ஆசை. இந்தப் போல்ட்டோட வந்தா அருளு ஏறமாட்டான்." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாடகைக் கார் பிடிக்க அவரே நடந்து போனார்.

உடலைப் பெட்டியில் வைத்தபோது அந்தோணி மேரி ஜெபமாலையைக் கணவரின் கையில் சுற்றினார். நட்டு வளையத்தையும் கூடவே வைக்கலாம் என்றார்கள். "அது வாணாம். வேலை பாக்கி கீது" என்று அதை மேரி அண்ணனிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசல் பட்டறையிலிருந்து போல்ட்டு வந்தது. அண்ணன் அதை வளையத்தில் பத்து மில்லி நட்டில் வைத்து, இடக்கையின் இரண்டு விரலால் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அடிவரை போயிற்று. பிறகு துளையில் வைத்து விரலால் சுற்றினார். அங்கும் அடிவரை போயிற்று. நான் ஸ்பேனரால் இறுக்கினேன். சனிக்கிழமை ஏகநாதன் தானே ஸ்டீரிங்கைப் பிடித்து, அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாகூர் ஏரிக்கரை வழியாகப் போய் வந்தார்.

பெயின்டு டப்பாவை அண்ணன் திறக்கவில்லை, பட்டறைப் பலகைக்கு அடியிலேயே இருக்கிறது. தூரிகை மண்ணெண்ணெயில் ஊறுகிறது. ஸ்டீரிங் பெட்டியில் போல்ட்டுகள் நான்கு. நீலப் பொட்டு மூன்றில் இருக்கிறது.